கழுத்துக் கட்டியும் குடும்ப மரபணுவும்: பாராகேங்லியோமா பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூரில் மரபணு ஆலோசனைப் பணியில் இருக்கிறேன். டாக்டர் மலாயிலோ ஆங்கிலத்திலோ விளக்கும்போது தலையாட்டிவிட்டு, வெளியே வந்ததும் "ஏம்மா, அவரு என்னதான் சொன்னாரு?" என்று கேட்கிற தமிழ்க் குடும்பங்களை நிறையப் பார்க்கிறேன். அவர்கள் கேட்ட கேள்விகளும் நான் சொல்கிற பதில்களும்தான் இவை. தலை, கழுத்தில் வரும் அபூர்வக் கட்டிகளில் குடும்பத்தோடு அதிகம் தொடர்புள்ளது பாராகேங்லியோமா. அதனால் அதைப் பற்றியே அதிகம் எழுதுகிறேன். மற்றவற்றைக் கொஞ்சமாகத் தொட்டுச் செல்கிறேன்.

பாராகேங்லியோமா என்றால் என்ன?

தாடைக்குக் கீழே, மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் பெரிய தமனி இரண்டாகப் பிரிகிற இடத்தில், இரு பக்கமும் அரிசி மணி அளவில் ஒரு சின்ன உறுப்பு இருக்கிறது. கரோட்டிட் பாடி என்பார்கள். இரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைந்தால் உடனே மூளைக்குச் செய்தி அனுப்பி மூச்சை வேகப்படுத்துவது அதன் வேலை. மூச்சு இப்படிக் கட்டுப்படுத்தப்படுவதை ஆராய்ந்ததற்காகத்தான் பெல்ஜியத்தைச் சேர்ந்த கோர்னேய் ஹேமான்ஸுக்கு 1938ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு தரப்பட்டது. இதே வகைச் செல்கள் நடுக்காதிலும், மண்டையோட்டின் அடியிலும், கழுத்தில் இறங்கும் வேகஸ் நரம்பை ஒட்டியும் உண்டு. இவற்றில் எங்கே கட்டி வளர்ந்தாலும் அது பாராகேங்லியோமாதான். பழைய ரிப்போர்ட்டுகளில் 'குளோமஸ் கட்டி' என்று எழுதியிருக்கும். பயப்பட வேண்டாம், இரண்டும் ஒன்றே.

தலை, கழுத்தில் வரும் கட்டிகளில் நூற்றில் ஒன்றுகூட இது இருக்காது. பெரும்பாலும் மிக மெதுவாக வளரும், ஆண்டுக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவில்.

இது கேன்சரா, இல்லையா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

ஒரே வார்த்தையில் சொன்னால் உங்களைத் தவறாக வழிநடத்தியதாகிவிடும். தலை, கழுத்தில் வருபவை பெரும்பாலும் வேறு இடங்களுக்குப் பரவுவதில்லை. ஆனால் எது பரவும், எது பரவாது என்று மைக்ராஸ்கோப்பில் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால்தான் 2017இல் உலகச் சுகாதார நிறுவனம் 'சாதாரணக் கட்டி', 'கேன்சர் கட்டி' என்ற பழைய பிரிவைக் கைவிட்டு, எல்லா பாராகேங்லியோமாவுக்கும் பரவும் வாய்ப்பு கொஞ்சமாவது உண்டு என்று வகைப்படுத்தியது. எந்த மரபணுவில் கோளாறு என்று தெரிந்தால் இந்தக் கேள்விக்கு ஓரளவு நல்ல பதில் கிடைக்கும். மரபணுச் சோதனையை நாங்கள் வலியுறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

என்ன அறிகுறி இருந்தால் சந்தேகப்பட வேண்டும்?

தாடைக்குக் கீழே வலியில்லாத வீக்கம். விரலால் தள்ளினால் பக்கவாட்டில் நகரும், மேலும் கீழும் நகராது. சிலருக்கு அதன் மேல் கை வைத்தால் நாடித் துடிப்பு தெரியும். நடுக்காதில் இருந்தால், காதுக்குள் இதயத்தோடு சேர்ந்து 'டுப் டுப்' என்று துடிக்கிற சத்தம் கேட்கும், காது மந்தமாகும். வேகஸ் நரம்பை ஒட்டி இருந்தால் குரல் கம்மும், தண்ணீர் குடிக்கும்போது புரையேறும்.

கழுத்தில் கட்டி என்றாலே இதுதான் என்று நினைத்துவிட வேண்டாம். நம் நாட்டில் காசநோய்க் கழலை, தைராய்டு, மூக்குக்குப் பின்னால் தொடங்கும் நேசோஃபாரிஞ்சியல் கேன்சர் எல்லாம் இதைவிட அதிகம். எதுவாக இருந்தாலும் முதலில் காது-மூக்கு-தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். 'சுளுக்கு', 'நரம்பு முடிச்சு' என்று சொல்லி அந்த வீக்கத்தை எண்ணெய் போட்டு உருவிவிடாதீர்கள். அந்த இடத்தில் அழுத்தினால் இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி மயக்கம் வரலாம். நல்ல மனசோடு உருவிவிடுகிற பாட்டியிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.

ஊசி குத்திப் பார்த்தால் உடனே தெரிந்துவிடாதா?

இந்தக் கட்டிக்குள் இரத்தக் குழாய்கள் நெருக்கமாக ஓடுகின்றன. குத்தினால் இரத்தம் கொட்டும் ஆபத்து உண்டு, பல சமயம் தெளிவான பதிலும் கிடைக்காது. துடிக்கிற வீக்கமாக இருந்தால் முதலில் டாப்ளர் அல்ட்ராசவுண்ட், அப்புறம் எம்.ஆர்.ஐ. அல்லது சி.டி. ஸ்கேன். படத்திலேயே பெரும்பாலும் அடையாளம் தெரிந்துவிடும். உங்கள் வீக்கம் துடிக்கிறது என்றால், ஊசி எடுக்கும் முன் "டாக்டர், இது துடிக்குது, ஸ்கேன் பார்த்துட்டீங்களா?" என்று தயங்காமல் கேளுங்கள். அது மரியாதைக் குறைவு ஆகாது.

வீட்டில் யாருக்கும் இல்லையே, எனக்கு எதற்கு மரபணுச் சோதனை?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். பாராகேங்லியோமாவோ, அதன் நெருங்கிய உறவான, சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பியில் வரும் ஃபியோகுரோமோசைட்டோமா என்ற கட்டியோ வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் பிறவியிலேயே வந்த மரபணு மாற்றம் இருக்கிறது. மனிதருக்கு வரும் கட்டிகளில் இவ்வளவு அதிகமாகப் பரம்பரைத் தொடர்பு உள்ளது வேறு ஏதும் இல்லை எனலாம். அதனால் குடும்பத்தில் யாருக்கும் இல்லாவிட்டாலும், இந்தக் கட்டி வந்த எல்லாருக்கும் சோதனையைப் பரிந்துரைக்கிறார்கள்.

முதலில் கண்டுபிடிக்கப்பட்ட மரபணு எஸ்.டி.எச்.டி. இது 2000ஆம் ஆண்டில் தெரியவந்தது. எஸ்.டி.எச்.சி.யும் அதே ஆண்டிலேயே, எஸ்.டி.எச்.பி. அடுத்த ஆண்டில். இவை எல்லாம் சேர்ந்து ஒரே நொதியின் துண்டுகளைத் தயாரிக்கின்றன. செல்லுக்குள் சக்தி உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கிற சக்சினேட் டிஹைட்ரஜனேஸ்தான் அந்த நொதி. ஒரு துண்டு உடைந்தாலும் நொதி முழுவதும் படுத்துவிடும். அப்போது சக்சினேட் என்ற பொருள் செல்லில் தேங்குகிறது. தேங்கினால், சுற்றிலும் ஆக்ஸிஜன் தாராளமாக இருந்தும் செல் தனக்கு மூச்சுத் திணறுவதாக நினைத்துக்கொள்கிறது. புது இரத்தக் குழாய்களை வரவழைக்கிறது, பெருகுகிறது. ஆக்ஸிஜனை அளப்பதையே தொழிலாகக் கொண்ட கரோட்டிட் பாடியில் இது கட்டியாக வெளிப்படுவதில் ஒரு பொருத்தம் தெரிகிறது. பெரு நாட்டு மலைகளில், ஆக்ஸிஜன் குறைந்த காற்றில் தலைமுறையாக வாழ்கிறவர்களுக்கு இந்தக் கட்டி மற்றவர்களைவிட அதிகம் என்பதும் இங்கே நினைத்துப் பார்க்க வேண்டியது.

"அப்பா வழியாக வந்தால்தான் நோய் வரும்" என்றார்கள். அது எப்படி?

எஸ்.டி.எச்.டி. மாற்றத்துக்கு மட்டும் (எஸ்.டி.எச்.ஏ.எஃப்.2 என்ற இன்னொன்றுக்கும்) இந்த விசித்திரம் உண்டு. இதை விளங்கிக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். நிதானமாகப் படியுங்கள்.

மாற்றம் உள்ள ஒருவர், ஆணோ பெண்ணோ, தம் ஒவ்வொரு பிள்ளைக்கும் அதைக் கொடுக்கும் வாய்ப்பு சரிபாதி. இது எல்லாருக்கும் பொது. ஆனால் அப்பாவிடமிருந்து பெற்ற பிள்ளைக்கே கட்டி வரும் ஆபத்து அதிகம். அம்மாவிடமிருந்து பெற்ற பிள்ளைக்குக் கட்டி வருவது மிக மிக அபூர்வம், ஆனாலும் அந்தப் பிள்ளை மாற்றத்தைச் சுமக்கும்.

கிளினிக்கில் நான் இதை ஏ4 தாளில் வரைந்து காட்டுவேன். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், கட்டி வந்தவர்களுக்கு உள்ளே மை தீட்டுவேன். மேலே ஒரு தாத்தா, அவரிடம் மாற்றம் இருக்கிறது. அவருக்கு மூன்று பிள்ளைகள்: உங்கள் அப்பா, சித்தப்பா, அத்தை. மூவருமே தகப்பனிடமிருந்து பெறுகிறவர்கள், ஆகவே மாற்றம் வந்திருந்தால் மூவருக்கும் கட்டி வரலாம். அடுத்த தலைமுறைக்கு வாருங்கள். உங்களுக்கும் சித்தப்பா பிள்ளைகளுக்கும் ஆபத்து தொடர்கிறது. அத்தைக்கே கட்டி இருந்தாலும் அவர் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் வராது. "எங்க அம்மாவோட நின்னுபோச்சு" என்று அவர்கள் நிம்மதியாக இருப்பார்கள். ஆனால் அத்தை மகன் அந்த மாற்றத்தைச் சுமந்திருந்தால், அவர் ஆண், அவருடைய பிள்ளைகளுக்கு அது தகப்பன் வழி. நோய் திரும்ப வருகிறது. அத்தை மகள் சுமந்திருந்தால் அவர் பிள்ளைகளும் தப்பிப்பார்கள், ஆனால் அவருடைய மகனின் பிள்ளைகள் தப்பாமல் போகலாம்.

இப்படி இரண்டு மூன்று தலைமுறை பெண்கள் வழியாகவே இறங்கினால், யாருக்கும் தெரியாமல் எழுபது எண்பது ஆண்டுகள் மறைந்திருக்கும். "வீட்டில் யாருக்கும் இல்லை" என்ற பதிலை நான் ஏன் முழுசாக ஏற்றுக்கொள்வதில்லை என்று இப்போது புரியும்.

நெதர்லாந்தில் இந்த நோய் உள்ள பெரிய குடும்பங்களை ஆராய்ந்தவர்கள், மரபணு கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே, 1989இல் இந்தத் தகப்பன் வழிப் பாங்கைக் கவனித்து எழுதிவிட்டார்கள். காரணம் 11ஆம் குரோமோசோமில் இருக்கிறது என்பதே இன்று பரவலாகச் சொல்லப்படும் விளக்கம்: தாயிடமிருந்து வந்த முழுக் குரோமோசோமையும் செல் தொலைக்கும்போதுதான் கட்டி தொடங்குகிறது. அதிலுள்ள, தாய் வழியில் மட்டும் வேலை செய்கிற வேறொரு காவல் மரபணுவும் அப்போது சேர்ந்தே போய்விடுகிறது.

நாங்கள் சொந்தத்தில் கட்டியவர்கள். மாமன் மகளைக் கட்டியதால்தான் வந்ததா?

இல்லை. சொந்தத் திருமணம் கூட்டுவது வேறு வகை நோய்களை. அவற்றில் அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் நோய். இங்கே ஒரு பிரதி போதும். அதைக் கொண்டுவந்தவர் ஒரே ஒருவர், அவரும் தெரிந்து கொடுக்கவில்லை. இந்தக் கேள்விக்குப் பின்னால் பல வருடக் குற்ற உணர்ச்சி இருப்பதைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதை இறக்கி வையுங்கள்.

எனக்கு எஸ்.டி.எச்.பி. என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. அதுவும் இப்படித்தானா?

இதில் அப்பா வழி, அம்மா வழி வேறுபாடு கிடையாது. யாரிடமிருந்து வந்தாலும் ஆபத்து ஒன்றுதான். எஸ்.டி.எச்.டி. உள்ளவர்களுக்குக் கழுத்தில் இரண்டு மூன்று கட்டிகள் வருவது வழக்கம், பரவுவது குறைவு. எஸ்.டி.எச்.பி. உள்ளவர்களுக்கு வயிற்றிலும் மார்பிலும் வரலாம், பரவும் வாய்ப்பும் அதிகம். அதே சமயம், எஸ்.டி.எச்.பி. மாற்றத்தைச் சுமக்கும் பலருக்கு வாழ்நாள் முழுக்க எதுவும் வராமலே போகிறது. இரண்டையும் சேர்த்தே மனதில் வையுங்கள். பிந்தியதை மட்டும் பிடித்துக்கொண்டு செக்-அப்பை விட்டுவிடக் கூடாது.

தலை, கழுத்தில் வரும் வேறு எந்தக் கட்டிகளுக்குக் குடும்பத் தொடர்பு உண்டு?

முக்கியமானது மெடுல்லரி தைராய்டு கேன்சர். நாலில் ஒருவருக்கு 'ரெட்' மரபணுவில் பிறவி மாற்றம் இருக்கும். இங்கே சோதனை நேரடியாக உயிரைக் காக்கிறது. மாற்றம் உள்ள குழந்தைக்குக் கேன்சர் வருவதற்கு முன்பே தைராய்டை எடுத்துவிடலாம், ஆபத்து மிக அதிகமான வகையில் முதல் வயதுக்குள்ளேயே. இரு காது நரம்பிலும் கட்டி வந்தால் என்.எஃப்.2 மரபணுவைப் பார்க்க வேண்டும். தாடை எலும்பில் கட்டியும் இரத்தத்தில் கால்சியம் உயர்வும் சேர்ந்து இருந்தால் சி.டி.சி.73.

உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிகள் வேறு கதை. அடினாய்டு சிஸ்டிக் கேன்சரில் 'மிப்', 'என்.எஃப்.ஐ.பி.' என்ற இரண்டு மரபணுக்கள் உடைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். ஆனால் அது அந்தக் கட்டிக்குள் மட்டும் நடந்தது, பிள்ளைகளுக்குப் போகாது. ரிப்போர்ட்டில் 'மரபணு மாற்றம்' என்று பார்த்ததும் பதறாமல், "இது கட்டியில் மட்டுமா, இரத்தத்திலுமா?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியில் பாதிக் கவலை குறையும்.

வாய்ப் புற்றுநோய் நம் இந்தியர்களுக்கு அதிகம் என்கிறார்களே, அது மரபணுவா?

மலேசியாவில் இந்தியர்களிடம், குறிப்பாகப் பெண்களிடம், வாய்ப் புற்றுநோய் அதிகம்தான். முக்கியக் காரணம் பாக்கும் புகையிலையும். ஆண்களுக்கு மதுவும் சிகரெட்டும் சேரும். பரம்பரை என்று சொல்லி வெற்றிலைப் பெட்டியைத் தப்பவிட வேண்டாம்.

சோதனை எங்கே, எப்படிச் செய்வது? செலவு எவ்வளவு?

கையிலிருந்து கொஞ்சம் இரத்தம், ஊதா மூடி போட்ட சின்ன ட்யூபில். அவ்வளவுதான். பட்டினி கிடக்க வேண்டியதில்லை.

கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார கிளினிக்) கடிதம் வாங்கிக்கொண்டு அரசு மருத்துவமனையின் காது-மூக்கு-தொண்டைப் பிரிவுக்குப் போங்கள். குடிமக்களுக்கு நிபுணர் கிளினிக் கட்டணம் 5 வெள்ளி (ரிங்கிட்). கட்டி உறுதியானதும் மரபியல் பிரிவுக்குக் கடிதம் கேளுங்கள். கோலாலம்பூர் மருத்துவமனை, மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம், செராஸில் உள்ள துவாங்கு முஹ்ரிஸ் மருத்துவமனை ஆகியவற்றில் மரபியல் சேவை உண்டு. பினாங்கில் இருப்பவர்கள் பினாங்கு மருத்துவமனையிலேயே தொடங்கலாம். மரபணுச் சோதனையின் விலை ஆய்வகத்துக்கு ஆய்வகம் வேறுபடும், ஒப்புக்கொள்ளும் முன் கேட்டுவிடுங்கள். குடும்பத்தில் முதல் ஆளுக்குத்தான் பல மரபணுக்களைத் தேட வேண்டியிருக்கும். மாற்றம் எது என்று தெரிந்துவிட்டால் மற்றவர்களுக்கு அந்த ஒரே இடத்தைப் பார்த்தால் போதும், செலவு மிகவும் குறையும். ஆகவே முதலில் சோதிக்க வேண்டியவர் கட்டி வந்தவர். தங்கச்சி வசதியாக இருக்கிறார் என்பதற்காக, கட்டி இல்லாத அவரை முதலில் சோதிப்பதில் பெரிய பயன் இல்லை.

ஏற்கனவே ஆபரேஷன் ஆகியிருந்தால், எடுத்த கட்டியின் துண்டில் எஸ்.டி.எச்.பி. சாயச் சோதனை செய்யச் சொல்லிக் கேட்கலாம். அந்தச் சாயம் பிடிக்கவில்லை என்றால், எஸ்.டி.எச். மரபணுக்களில் ஏதோ ஒன்றில் கோளாறு என்று சந்தேகிக்கலாம்.

"அர்த்தம் தெளிவில்லாத மாற்றம்" என்று வந்திருக்கிறது. என்ன செய்வது?

ஒன்றும் செய்ய வேண்டாம். அதை வைத்து ஆபரேஷனோ, பிள்ளைகளுக்குச் சோதனையோ முடிவு செய்யக் கூடாது. உலகத் தரவுத்தளங்களில் ஐரோப்பியர்களின் மரபணுத் தகவல்தான் இன்றும் அதிகம். நம்மவர்களிடம் சாதாரணமாக இருக்கிற ஒரு எழுத்து வேறுபாடுகூட அங்கே 'புதுசு' என்று தெரிகிறது. இந்தியாவில் இண்டிஜென் திட்டம் 1,029 பேரின் முழு மரபணுத் தொகுதியைப் படித்து வெளியிட்டது போன்ற முயற்சிகள் கூடக்கூட இந்தக் குழப்பம் குறையும். ஒன்றிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எங்களைக் கூப்பிட்டு "மறுபடி பார்த்தீங்களா?" என்று கேளுங்கள். வகைப்பாடு மாறுவது உண்டு.

மாற்றம் இருப்பது உறுதியாகிவிட்டது. அடுத்து என்ன?

ஆண்டுக்கு ஒருமுறை இரத்த அழுத்தமும் மெட்டாநெஃப்ரின் சோதனையும் (கட்டி அட்ரீனலின் வகை ஹார்மோன்களைச் சுரக்கிறதா என்று பார்ப்பது). இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மண்டையோட்டின் அடியிலிருந்து இடுப்பு வரை எம்.ஆர்.ஐ. அதில் கதிர்வீச்சு இல்லை என்பதால் பயமில்லாமல் திரும்பத் திரும்பச் செய்யலாம்.

கட்டி இருந்தாலும் உடனே அறுவை என்று அர்த்தமில்லை. இந்தக் கட்டிகள் குரல், நாக்கு, விழுங்குதல் ஆகியவற்றுக்கான நரம்புகளை ஒட்டியே வளர்கின்றன. சில சமயம் கட்டியைவிட ஆபரேஷனே அதிகம் பாதிக்கும். ஸ்கேன் எடுத்துக் கவனித்துக்கொண்டே இருப்பது, கதிர்சிகிச்சை, அறுவை மூன்றும் நியாயமான வழிகள்தான். இரு பக்கமும் கட்டி இருந்தால் இன்னும் யோசிக்க வேண்டும். இரண்டையும் எடுத்துவிட்டால் இரத்த அழுத்தம் கட்டுக்கடங்காமல் ஏறி இறங்கும் நிலை வரலாம். எந்த ஆபரேஷனுக்கும் முன் மெட்டாநெஃப்ரின் பார்த்தாக வேண்டும். கட்டி அட்ரீனலின் வகை ஹார்மோன்களைச் சுரப்பதாக இருந்தால், முன்கூட்டியே மருந்து கொடுக்காமல் மயக்க மருந்து கொடுப்பது ஆபத்து. பல் பிடுங்கப் போனால்கூடப் பல் டாக்டரிடம் இதைச் சொல்லுங்கள்.

பிள்ளைகளுக்கு எந்த வயதில் பார்க்க வேண்டும்?

எஸ்.டி.எச்.பி. என்றால் 6 முதல் 10 வயதுக்குள், எஸ்.டி.எச்.டி. என்றால் 10 முதல் 15 வயதுக்குள் கண்காணிப்பைத் தொடங்கச் சொல்கிறார்கள். பிள்ளையிடம் மறைக்காதீர்கள். பத்து வயசுப் பிள்ளைக்கு "அப்பாவுக்கு இருக்கிற மாதிரி உனக்கும் இருக்கான்னு ரத்தத்துல பார்க்கப் போறோம்" என்று சொன்னாலே போதும், மற்றதை அவர்களே கேட்பார்கள். அம்மா வழி எஸ்.டி.எச்.டி. என்றால் அவசரம் இல்லை, வளர்ந்தபின் அவர்களே முடிவு செய்யட்டும்.

பெண் பார்க்க வரும்போது இதைச் சொல்ல வேண்டுமா?

சட்டம் எதுவும் கட்டாயப்படுத்தவில்லை. என் அபிப்பிராயத்தைக் கேட்டால்: தரகரிடமும் வந்திருக்கிற உறவுக்கூட்டத்திடமும் சொல்லத் தேவையில்லை, கட்டிக்கொள்ளப் போகிறவரிடம் கல்யாணத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள். முடிந்தால் இருவரும் சேர்ந்து எங்களிடம் வாருங்கள். நேரில் விளக்கம் கேட்டபின் வருகிற பயம், இன்டர்நெட்டில் தேடி வருகிற பயத்தைவிடச் சின்னது. பிள்ளைக்குப் போகாமல் தடுக்க விரும்புகிறவர்களுக்கு, கருவைச் சோதித்துப் பதிக்கும் ஐ.வி.எஃப். முறையும் இருக்கிறது. செலவு அதிகம்.

இன்சூரன்ஸ் கிடைக்காமல் போகுமா?

மரபணுவைக் காரணம் காட்டி மறுப்பதைத் தடுக்கும் தனிச் சட்டம் மலேசியாவில் இல்லை. 2013ஆம் ஆண்டின் நிதிச் சேவைச் சட்டப்படி, பாரத்தில் கேட்கிற கேள்விகளுக்குக் கவனத்தோடு உண்மையான பதில் தரும் பொறுப்பு உங்களுடையது. மறைத்து எடுத்தால் பிற்பாடு கிளெய்ம் தகராறாகலாம். கட்டி இல்லாத உறவினர்கள் சோதனைக்கு வருமுன் தங்கள் பாலிசிகளை ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நல்லது. அதற்காகச் சோதனையையே தள்ளிப்போடுவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

முதல் சந்திப்புக்கு என்ன கொண்டுவர வேண்டும்?

மைகாட், பழைய ஸ்கேன் படங்கள், ஆபரேஷன் ஆகியிருந்தால் அந்த ரிப்போர்ட். அதைவிட முக்கியம் குடும்பத் தகவல். நம் குடும்பங்கள் தோட்டத்திலிருந்து பிரிந்து கிள்ளான், ஈப்போ, சுங்கைப்பட்டாணி, சிங்கப்பூர் என்று சிதறிவிட்டன. சிலருக்குத் தமிழ்நாட்டுக் கிளையோடு தொடர்பே விட்டுப்போயிருக்கிறது. வருமுன் வீட்டில் வயதானவர் ஒருவரிடம் உட்கார்ந்து, அப்பா வழி, அம்மா வழி இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு எழுதுங்கள். 'பாராகேங்லியோமா' என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. "கழுத்துல வீக்கம் இருந்தது யாருக்கு? குரல் போனது யாருக்கு? காது சீக்கிரமே கேட்காமப் போனது யாருக்கு? சின்ன வயசுலயே பிரஷர் ஏறித் திடீர்னு இறந்தது யாரு?" என்று கேளுங்கள். இறந்தவர்களின் வயதைத் தோராயமாக எழுதினால் போதும். தத்தெடுத்த பிள்ளை, இரண்டாம் தாரத்துப் பிள்ளை இருந்தால் அதையும் குறிப்பிடுங்கள், நாங்கள் வெளியே சொல்ல மாட்டோம். முடிந்தால் அந்தப் பெரியவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். நடக்க முடியாதவராக இருந்தால், சந்திப்பு நேரத்தில் அவரைப் போனில் பிடிக்கிற மாதிரி ஒரு நம்பரையாவது கையில் வைத்திருங்கள்.